ஆள்வோருக்காக ஒரு மன்றாட்டு

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூரை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, வாவியை அடுத்து அமைந்துள்ள சிற்றூர் தன்னாமுனை. மேற்கே வாவி, கிழக்கே சிறிது தூரம் நடந்தால் கடல். தென்னஞ்சோலையும் தோணியும் வலையும் அவ்வூரின் அடையாளங்கள். மட்டக்களப்புப் பகுதியிலே பழைமை வாய்ந்த கத்தோலிக்கக் குடியிருப்புக்களுள் ஒன்றாகிய அங்கு, சூசையப்பர் பெயரால் ஆலயமும் உண்டு. ஞாயிறு பூசையிலே பிரசங்கமும் விசுவாசப் பிரமாணமும் முடிந்தபின் பொது மன்றாட்டு நடைபெறும். திருச்சபைக்காக, நோயுற்றோருக்காக, மரித்தோருக்காக மன்றாடுவதோடு, நாட்டை ஆள்வோருக்காகவும் சபையார் ஒரே குரலில் வேண்டிக்கொள்வர். அரை நிமிடத்துக்குள் அது முடிந்துவிடும். கூடியிருப்போருள் பலர் அதனைக் கருதிக் கேட்பதும் ஐயமே. ஆயினும் அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் சில ஏடுகள் இலங்கையிலே, அதிலும் மட்டக்களப்பிலே, எழுதப்பட்டவை.

இவ்வழக்கத்தின் வேர் யூத மக்களின் சிறையிருப்புக் காலத்தது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டிலே பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூதருக்கு எரேமியா என்னும் தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதினார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்த நகரின் நலத்துக்காக இறைவனை வேண்டுங்கள் என்பது அதன் கருத்து. தம்மைச் சிறைகொண்டவனின் ஊர் செழிக்க வேண்டும் என்று வேண்டுவது எளிதன்று. அக்கடிதத்தைப் பெற்றவருள் எத்தனை பேர் முகம் சுளித்தனரோ!

பின்னர் சின்னப்பர் தம் சீடராகிய தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலே அரசருக்காகவும் அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் மன்றாடும்படி பணிக்கப்பட்டது. அந்த அரசர் யார் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவர்கள் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவரைச் சிங்கத்துக்கு இரையாக்கியவர்கள். அப்படியிருந்தும் முதல் நூற்றாண்டின் இறுதியிலே, ஏறத்தாழ 96ஆம் ஆண்டில், உரோமைச் சபையின் தலைவராகிய கிளெமந்து கொரிந்தியருக்கு வரைந்த கடிதத்திலே ஆள்வோரின் உடல்நலத்துக்கும் நாட்டின் அமைதிக்குமான நீண்ட மன்றாட்டொன்று இடம்பெற்றுள்ளது. நூறு ஆண்டு கழித்து, வட ஆபிரிக்காவின் கார்த்தேசு நகரைச் சேர்ந்த தெர்த்துல்லியன், கிறிஸ்தவர் இராசத் துரோகிகள் என்ற குற்றச்சாட்டுக்கு விடையளித்தபோது இவ்வழக்கத்தையே சான்றாகக் காட்டினார். சக்கரவர்த்தியின் சிலைக்கு நாங்கள் தூபமிட மாட்டோம். ஆனால் சக்கரவர்த்திக்காக எங்கள் கடவுளை வேண்டுகிறோம் என்பதே அவர் வாதத்தின் சாரம். அரசனை வழிபடுவது ஒன்று, அரசனுக்காக வழிபடுவது இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழித்ததே ஆதித் திருச்சபையின் பெருந்துணிவு. அரசனும் ஒரு மனிதனே, அவனும் கடவுளின் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்பவனே என்பது அந்த மன்றாட்டுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது.

நான்காம் நூற்றாண்டிலே கொன்ஸ்தந்தீன் கிறிஸ்தவத்தை ஆதரித்த பின்னர் மன்றாட்டின் தொனி மாறிற்று. சிறைப்பட்டவனின் வேண்டுதல் அரசவையின் வாழ்த்தாயிற்று. பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டிலே உரோமைச் சக்கரவர்த்திக்கென்று தனியாக ஒரு செபம் வகுக்கப்பட்டது. உரோமைப் பேரரசு என்று ஐரோப்பாவில் வழங்கிய அமைப்பு 1806இல் முற்றாக மறைந்தது. பின்னரும் நூற்றைம்பது ஆண்டளவு அச்செபம் பூசை நூலிலே அச்சாகிக்கொண்டே இருந்தது! 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் பரிசுத்த வார வழிபாட்டைத் திருத்தியபோதுதான், சக்கரவர்த்தி நீங்கி, நாடுகளை ஆளும் யாவருக்குமான மன்றாட்டு அவ்விடத்தைப் பெற்றது. 1963 டிசெம்பரில் வத்திக்கான் சங்கம், ஞாயிறு பூசையிலே நெடுங்காலம் மறைந்திருந்த பொது மன்றாட்டை மீண்டும் ஏற்படுத்தி, அரசியல் அதிகாரத்திலுள்ளோரையும் அதிலே குறிப்பிட வேண்டும் என்றது. தன்னாமுனையில் இன்று கேட்பது அந்தக் குரல்.

தமிழ் மக்களுக்கு இக்கருத்து புதியதன்று. மழையையும் வேந்தனையும் ஒருசேர வாழ்த்துவது நம் பழைய மரபு. திருஞானசம்பந்தரின் திருப்பாசுரம் அவ்வாறே தொடங்குகிறது. மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் கோவில்களிலே மழை வேண்டிக் காவியம் பாடுவதும், குளுத்தி செய்து ஊரைக் குளிர்விப்பதும் இன்றும் வழக்கில் உள்ளன. ஊருக்குப் பெய்யும் மழை ஒருவன் வயலை மட்டும் நனைப்பதில்லை என்பதை உழவர் யாவரும் அறிவர்.

இலங்கையிலே கிறிஸ்தவ மன்றாட்டு நாட்டின் நலத்தோடு கலந்த இடமும் ஒரு மழைக் கதையே. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிலே கோட்டை எழுப்பினர். பத்தாண்டு செல்லுமுன், 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிய ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1658இல் போர்த்துக்கேயர் தீவைவிட்டு முற்றாக அகன்றதும், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் கட்டளை பிறப்பித்தனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. குருமார் இல்லாத முப்பது ஆண்டுகள் அவை.

இந்நிலையிலே 1687இல் கோவையைச் சேர்ந்த யோசவ் வாஸ் என்னும் குருவானவர் கூலியாள் வேடத்தில் வந்திறங்கினார். 1651இல் பெனோலிம் என்னும் ஊரிலே பிறந்த அவர், கொங்கணப் பிராமண மரபினர். யாழ்ப்பாணத்திலே பிச்சை ஏற்று உண்டு, இரவிலே வீட்டுக்கு வீடு சென்று பூசை செய்தார். 1689 நத்தார் இரவிலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கத்தோலிக்கரை வளைத்துப் பிடித்தபின், புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். 1692இல் கண்டியை அடைந்தபோது அவருக்குக் கிடைத்த வரவேற்பு விலங்கு. போர்த்துக்கேய ஒற்றர் என்று எவரோ கோள் மூட்டியதே காரணம். சிறையிலிருந்தவாறே அவர் சிங்களம் கற்றார். ஓலைக் குடிலொன்று அமைத்துச் செபித்தார்.

அந்த ஆண்டுகளிலே கண்டியிலே கொடிய வறட்சி ஏற்பட்டது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். தன் சமயத்தைப் போற்றி வளர்த்தவன். முதலிலே பௌத்த குருமார் வேண்டுதல் செய்தனர், மழை வரவில்லை. பின்னர் சிறைப்பட்ட கிறிஸ்தவக் குருவின் நினைவு அரசனுக்கு வந்தது. வாஸ் அடிகள் அரண்மனைக்கு அருகே வெளியிலே பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளிட்டு வேண்டினார் என்றும், மழை கொட்டியது என்றும் அவரது சபையாரின் வரலாறுகள் கூறும். பீடமும் அடிகளும் மட்டும் நனையவில்லை என்றும் அவை சேர்த்துச் சொல்லும். இவை பத்தியுள்ளவர்கள் பத்தியுள்ளவர்களுக்காக எழுதியவை. அற்புதத்தை ஆராய்வது வரலாற்றாசிரியனின் தொழிலன்று. அவன் கையிலே அகப்படுவது அதன் விளைவே. அதன் பின்னர் அடிகளுக்குக் கண்டி இராச்சியம் முழுவதும் நடமாடிப் போதிக்கும் உரிமை கிடைத்தது. 1697இல் தலைநகரிலே அம்மை நோய் பரவி, மக்கள் நோயாளரைக் காட்டிலே விட்டு ஓடியபோது, அவரும் அவர் மருகராகிய குருவும் அவர்களைப் பேணிப் புதைத்தும் பணி செய்தனர். மன்னனின் மனத்தை மழை அசைத்ததோ, இப்பணி அசைத்ததோ, இரண்டும் சேர்ந்தே அசைத்தனவோ!

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. ஒல்லாந்த ஆட்சியாளரும் கிறிஸ்தவரே. ஆனால் கத்தோலிக்கரை ஒறுத்தவர்கள் அவர்கள். அடைக்கலம் தந்தவன் பௌத்த மன்னன். வாஸ் அடிகள் வேண்டிய மழை தம் சபையாரின் வயலுக்கென்று கேட்டதன்று. பௌத்தக் குடிகளின் வயலுக்குக் கேட்டது. கண்டி தந்த அந்த உரிமையைத் துணையாகக் கொண்டே அவர் கிழக்குக் கரையிலே திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிலுள்ள கத்தோலிக்கரையும் சென்று கண்டார். குருவானவர் ஆண்டுக்கொரு முறை வந்தால் பெரிது. மற்ற நாள்களிலே செபத்தை நடத்தியவர்கள் மூப்பரும் அண்ணாவிமாரும். வாவிக் கரையிலே கத்தோலிக்கம் அழியாது நின்றதற்கு அப்பெயரறியா மனிதரே காரணர். 1711 சனவரி 16இல் வாஸ் அடிகள் கண்டியிலே மறைந்தார். அவர் பின் வந்த யாக்கோமே கொன்சல்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி, நரேந்திரசிங்க மன்னனின் மதிப்பைப் பெற்றார். அம்மன்னனுக்குப் பின் காற்று மாறியது. 1740களிலே குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அரசனுக்காக வேண்டுவது அரசனின் தயவுக்குக் கொடுக்கும் விலை என்று எவரேனும் எண்ணியிருந்தால், அந்தக் கணக்கு அங்கேயே பொய்த்தது.

1795இல் மட்டக்களப்புக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806இல் தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட், கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். 1814இலே வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் என்னும் இளைஞர் மட்டக்களப்பிலே வந்திறங்கி, பள்ளிக்கூடம் தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்பிரில் முதலாம் நாள், நோய்வாய்ப்பட்டு மாண்டார். அவர் தொடங்கிய கல்விப் பணியே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது; நகரிலே அவருக்குச் சிலையும் உண்டு. அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னேதான் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இலங்கையின் கடைசி மன்னனின் முடி வீழ்ந்தது. அன்றிலிருந்து தீவின் கோவில்களிலே ஆள்வோர் என்றால் கடல் கடந்த ஒருவர். ஆங்கிலத் திருச்சபையின் செபநூலிலே மன்னருக்கான மன்றாட்டுக்கள் நிறைய உண்டு. தாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவரின் நீடித்த ஆயுளுக்காகத் தமிழிலே வேண்டிய தலைமுறைகள் பல.

1895இலிருந்து திருகோணமலை மேற்றிராசனத்திலே பிரான்சிய யேசுசபையார் பணியாற்றினர். பிரான்சிலே பிறந்தோர், ஆங்கில முடியின் கீழ், தமிழ் மக்களோடு ஒரு நாட்டுக்காக வேண்டினர். நாடு என்ற சொல்லுக்கு அன்று எத்தனை பொருள் இருந்திருக்கும்! அவர்கள் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலே பயின்றவருள் ஒருவரே, பின்னர் விபுலாநந்த அடிகளாய் விளங்கிய காரைதீவு மயில்வாகனனார்.

இரண்டாம் உலகப் போரின்போது நாட்டுக்கான வேண்டுதல் ஒரு நேர்த்திக்கடனாயிற்று. 1940இல் கொழும்பு அதிமேற்றிராணியார் மாசோன் ஆண்டகை, போரின் அழிவினின்று இலங்கை காக்கப்பட்டால் தேவமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாக நேர்ந்தார். 1942 ஏப்பிரில் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளிலே மட்டக்களப்புக்கு அப்பால் கடலிலே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. யப்பானியக் கடற்படை அத்தோடு திரும்பிச் சென்றதற்குப் போரியல் அறிஞர் வேறு காரணங்கள் கூறுவர். விசுவாசிகள் தங்கள் நேர்த்தியை மறக்கவில்லை. தேவத்தையிலே எழுந்த இலங்கை மாதா பேராலயம் 1974 பெப்ரவரியில் அபிசேகம் செய்யப்பட்டது. நேர்ந்தவர் அதனைக் காண இருக்கவில்லை. 1947இலேயே அவர் காலமானார்.

1948 பெப்ரவரி 4இலே நாடு சுதந்திரம் பெற்றது. 1931 முதலே வளர்ந்தோர் யாவருக்கும் வாக்குரிமை உண்டாயினும், அன்றுதான் ஆட்சி முழுவதும் அவ்வாக்கிலே தங்கியது. சின்னப்பர் காலத்திலே மன்றாடியவர் வேறு, அரசனை ஆக்கியவர் வேறு. சுதந்திர இலங்கையிலோ, வெள்ளிக்கிழமை வாக்களித்தவனே ஞாயிற்றுக்கிழமை மன்றாடினான். தானே ஆக்கிய தலைவனுக்காக வேண்டும்போது, தான் இட்ட புள்ளடியின் நன்மை தீமையையும் அவன் கடவுள் முன்னிலையிலே வைக்கிறான். வாக்குச் சாவடியும் ஆலயமும் இவ்வளவு அண்மையிலே வந்தது வரலாற்றிலே முன்னர் இல்லாதது.

அந்த அண்மை சோதனையையும் கொண்டுவந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிநன்கொடை பெற்ற சமயப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பல இடங்களிலே கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் காவல் இருந்தனர். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியாஸ் வந்து சமரசம் பேசிய பின்னரே அது தணிந்தது. அடுத்த ஆண்டு, 1962 சனவரியிலே, படை அதிகாரிகளும் பொலிசு அதிகாரிகளும் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்து பிடிபட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர். திருச்சபைக்கு அச்சதியிலே பங்கில்லை. எனினும் அது சிறுபான்மைச் சமயத்தார் அனைவர்மீதும் ஐயத்தின் நிழலை நெடுங்காலம் படரவிட்டது. ஆள்வோருக்காக மன்றாடுவதில் பொறுமை இழந்து ஆட்சியையே கைக்கொள்ள முயன்ற அந்தச் சிலர், மன்றாடிக்கொண்டிருந்த பலருக்கு இழைத்த தீங்கு சிறிதன்று.

பின்னர் வந்தது உள்நாட்டுப் போர். மட்டக்களப்பிலே அந்த ஆண்டுகளில் ஆள்வோர் யார் என்பதே பகலுக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாக மாறியது. பிரசைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகள் 1988 யூன் 6இல் மட்டக்களப்பிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஓகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, அமெரிக்க யேசுசபைக் குருவாகிய இயூஜின் ஹேபெர்ட் அடிகள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிலே, உடன் வந்த தமிழ் இளைஞனோடு காணாமற் போனார். ஏறாவூரைக் கடந்து தன்னாமுனை வழியாக நகருக்கு வரும் பாதை அது. நாற்பது ஆண்டு மாணவருக்குப் பாடமும் கூடைப்பந்தும் கற்பித்த அவர் அப்பாதையின் இறுதியை எட்டவில்லை. அவர் தோழராகிய ஹரி மில்லர் அடிகள், காணாமற் போனோரின் விவரங்களை ஒன்றுவிடாமல் குறித்து வைத்து, அதிகாரிகளிடமும் விசாரணைக் குழுக்களிடமும் எடுத்துச் சென்றார். காலையிலே ஆள்வோருக்காகப் பூசையில் மன்றாடியவர், பகலிலே அவர்கள் வாசலில் பெயர்ப் பட்டியலோடு நின்றார். இரண்டும் ஒரே கடமையின் இரு பாதிகளென்றே அவர் கொண்டார் போலும்.

2005 நத்தார் நள்ளிரவுப் பூசை மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்திலே நடந்துகொண்டிருந்தது. மேற்றிராணியார் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை ஆண்டகை பூசை நிறைவேற்றினார். நற்கருணை பெற்றுத் தம் இருக்கைக்குத் திரும்பிய பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் மனைவி காயமுற்றார். தலைவர்களுக்காக மன்றாடும் ஆலயத்திலே, மன்றாடும் சபையின் கண்ணெதிரே, அவர்களுடைய தலைவர் ஒருவரே வீழ்ந்தார். அவ்வழக்கிலே இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

போர் 2009இல் முடிந்தது. 2015 சனவரி 14இல் பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்பு காலிமுகத் திடலிலே யோசவ் வாஸ் அடிகளுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அன்றே மடுமாதா திருப்பதிக்குச் சென்று, சிங்களவரும் தமிழரும் நல்லிணக்கம் பெற வேண்டினார். கண்டி மன்னனின் கைதியாயிருந்தவர், மன்னன் நாட்டுக்காக மழை கேட்டவர், இலங்கையின் முதற் புனிதரானார்.

நான்கு ஆண்டு சென்று, 2019 ஏப்பிரில் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு ஆலயங்களிலும் விடுதிகளிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. நாடெங்கும் இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீயோனிலே மாண்டோர் முப்பது பேரளவினர். அவர்களுள் பலர் ஞாயிறு பாடசாலையிலிருந்து சற்று முன்னரே வெளியே வந்த குழந்தைகள். அடுத்த ஞாயிறு நாட்டின் கத்தோலிக்க ஆலயங்கள் பூட்டியிருந்தன. கொழும்பு அதிமேற்றிராணியார் மல்கம் ரஞ்சித் கர்தினால் தம் இல்லச் சிற்றாலயத்திலே நிறைவேற்றிய பூசை தொலைக்காட்சியிலே ஒளிபரப்பாயிற்று. முன்வரிசையிலே சனாதிபதியும் பிரதமரும் அமர்ந்திருந்தனர். யாருக்காக வேண்டுவது வழக்கமோ, அவர்கள் அன்று எதிரிலேயே இருந்தனர்.

தாக்குதல் பற்றிய எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது என்பது பின்னர் வெளியாயிற்று. பலியானோரின் பெற்றோரும் கத்தோலிக்கக் குருமாரும் பிறரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2023 சனவரி 12இலே ஏழு நீதியரசர் கொண்ட மன்று, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கடமை தவறினார் என்று கண்டு, தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. பிற அதிகாரிகள் மீதும் நட்டஈடு விதிக்கப்பட்டது. அன்று முன்வரிசையிலே அமர்ந்து தமக்கான மன்றாட்டைக் கேட்டிருந்தவரே, அதே சமயத்தவர் தொடுத்த வழக்கிலே பிரதிவாதியாக நின்றார். அத்தீர்ப்பு வந்தது ஒரு வியாழக்கிழமை. அதற்கடுத்த ஞாயிறு, மட்டக்களப்பு வாவியின் கரையிலுள்ள ஆலயங்களிலே, நாட்டை ஆள்வோருக்கான மன்றாட்டு வழக்கம்போல் பூசையிலே அதன் இடத்தில் இருந்தது.